வரும் வேகம், போகும் வேகம்

வெள்ளவத்தை
12.10.2008

அன்புள்ள மகன் கிருபாகரனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் கனடாக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை போன வெள்ளி முடிந்தது. காலி வீதியில் ஆமிச் சோதனை என்று பாதிப்பேர் வரவில்லை, சமைத்தது மிஞ்சிப் போயிற்று.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா கேட்டது ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை கம்பியூட்டரில் உன் முகம். உன் குரல் வரும், படம் வராது. உங்கடை இன்ரநெற் லைனின்ரை வேகம் காணாது அம்மா, ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோபிட்டிலை வீடியோ ஓடாது, இரண்டு மெகாபிட் லைன் எடுங்கோ என்றாய். நம்பினேன். பொலிஸ் பதிவுத் துண்டு, வீட்டுக்காரரின் கடிதம் என்று கேட்டுக் கம்பனிக்காரர் மூன்று நாள் அலைய வைத்தார்கள். புது ரூட்டரோடு வரும்போது சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டு, ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினார்கள். கூட வந்த பேர்ணடெற்தான் கதைத்துச் சமாளித்தாள். கீழ் வீட்டில் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறவள்.

அடுத்த ஞாயிறும் படம் வரவில்லை. பேர்ணடெற் வேகத்தை அளந்து பார்த்து எனக்கு விளங்கப்படுத்தினாள். கம்பனி சொல்வது பிட் கணக்காம், பைட்டாக அறிய எட்டால் பிரிக்க வேண்டுமாம், அப்படிப் பிரித்தாலும் ஒரு முகத்துக்கு இது தாராளமாம். வீட்டு லைனில் வரும் வேகம் அதிகம், போகும் வேகம் குறைவாம். அங்கிளின்ரை முகம் ஒடுக்கமான பக்கத்தாலை போய் உங்கடை மகனுக்குத் தெரியுது, அவரின்ரை முகம் அகலமான பக்கத்தாலை ஏன் வரேல்லை அன்ரி என்று கேட்டாள். அப்பா மெலிந்துபோனார் என்று நீ கிழமைக்குக் கிழமை சொன்னாய்தானே. பிறகு லண்டனிலிருக்கும் தன் தங்கை பிறிஜெற்றை அதே லைனில் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் முகமும், பின்னால் கொதித்த கேத்தலின் ஆவியும்கூடத் தெரிந்தது. அவர் கமராவைப் போடேல்லை அன்ரி என்று என்னைப் பாராமலே சொன்னாள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஐந்து ஞாயிறு சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கறுத்த திரைக்கு முன்னால் இருந்தார். லைன் பிழை, லைன் பிழை என்று நான்தான் பொய் சொன்னேன். கடைசி ஞாயிறு அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளையை ஏசாதே, லைன்தான் சரியில்லை என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினார்.

அந்த முகத்தைப் பார்க்கப் பயந்தாயோ, அழுதாயோ, பக்கத்தில் வேறு வேலை பார்த்தாயோ, எனக்குத் தெரியாது. காரணம் எழுதி அனுப்பாதே, வாசிக்க மாட்டேன். நேற்று லைனை வெட்டச் சொல்லிவிட்டேன். நீ வரவும் வேண்டாம், வந்து பார்க்க இங்கே ஒருவரும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு. உனக்கொரு பிள்ளை பிறந்து, அது உனக்கு ஒருநாளும் முகத்தை ஒளிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பாலேஸ்வரி நாகேந்திரம்