மாடிக் குளியலறை சுவிட்ச்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுக் காலை மாடிக் குளியலறை வாசலில் இருந்தவர்கள்: அங்கே வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பெண்கள் மூவர், நான் கூப்பிட்டு வந்த எலெக்ட்ரீஷியன், நான். வேறு யாரும் இல்லை.

அதற்குச் சற்று முன்தான், வெந்நீர் சுவிட்சைத் தொட்ட இளையவள் சுருண்டு விழுந்துவிட்டாள். கடவுள் காப்பாற்றினார், விரலில் காயத்தோடு போயிற்று.

எலெக்ட்ரீஷியன் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைக் காட்டி, "இந்த வீட்டுக்கு எர்த் கம்பி இதுதானாக்கா?" என்றார்.

"ஷாக் அடிக்குதுன்னு ஓனர் அங்கிள்கிட்ட எத்தனையோ தடவ சொன்னோம்," என்றாள் மூத்தவள். "செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச் போடுங்கன்னாரு. செருப்பு மட்டும் உடனே வந்துச்சு."

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. எர்த் கம்பியே கிடையாதாம், சுவர் முழுக்க ஈரமாம். "மாத்துற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது," என்று எலெக்ட்ரீஷியன் மாடி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்.

இளையவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, படிப்ப நிறுத்திடுவாங்க," என்று அழுதாள். அதன்பின் பிரார்த்தனையில் உட்கார்ந்தும் மனம் நிற்கவில்லை.

அவர்கள் பரீட்சை முடிந்து காலி செய்யும்வரை இப்படியே ஓட்டச் சொல்லிப் போன கடிதத்தில் நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். மூவரும் இப்போது கீழே நம் குளியலறையில் குளிக்கிறார்கள். நாளை வயரிங் மாற்ற ஆள் வருகிறது, வீட்டுச் செலவில் எழுதிவிட்டேன். அதற்கு அனுமதி கேட்கவில்லை.

"அங்கிள் ஒத்துக்கிட்டாரா ஆன்ட்டி?" என்று பெண்கள் கேட்கிறார்கள். நீங்கள் செய்யச் சொன்னதாகச் சொல்லட்டுமா, நானே செய்ததாகச் சொல்லட்டுமா? அதை மட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மனைவி