உப்பில்லாத இருபத்தாறு நாள்

அன்பு மகள் லுசிநெய்டிக்கு,

அம்மா டாமியானா எழுதுவது. இங்கே காற்று இன்னும் குறையவில்லை. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகைதான் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில், அப்பா பாதியில் விட்ட நேர்த்தியை நான் முடிக்கிறேன், இன்றிலிருந்து உப்புச் சேர்க்கமாட்டேன் என்றாய். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். போன் இருக்கும் கடையில் ஆட்கள் நின்றார்கள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய நாட்கள் உனக்குத் தெரியும். ஒரு வாரம் தூங்காமல் திரிந்து, உப்பளத்து முதலாளியின் கழுதைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார். கோயிலில் புதுநன்மை வாங்க உனக்குத் தைத்த உடுப்பைத் தெருவில் போன பிள்ளைக்குக் கொடுத்தார். பிறகு மூன்று மாதம் தொங்குபடுக்கையை விட்டு இறங்கவில்லை. மனதை நிலையாக வைக்கும் லித்தியம் மாத்திரை வந்தபிறகுதான் வீடு வீடாக இருந்தது.

ஆகஸ்டில் சுகாதார நிலையத்து நர்ஸ் எடில்சா ஒரு தாளை வைத்துக்கொண்டு அவரிடம் கேள்வி கேட்டாள். யோசிக்காமல் எதையாவது செய்வதுண்டா என்றாள்.

"யோசிச்சிருந்தா இவளைக் கட்டியிருப்பேனா?" என்றார்.

வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்றாள். போன முறை இரண்டு போட்டவர், எட்டு என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டரை என்றார்.

அந்தச் சந்தோஷத்தில், வாசலைத் தாண்டுவதற்குள் புனித பிரான்சிஸுக்கு நேர்ந்துகொண்டேன். அக்டோபரில் வரும் அவர் திருநாள் வரை நம் அடுப்பில் உப்புக் கிடையாது என்று. அப்பாவுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன். "பகலெல்லாம் உப்பு வார்றவனுக்கு ராத்திரி உப்பில்லாத மீனாடி?" என்று கேலி செய்தார். ஆனால் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் கை நடுங்கியது. பேச்சு குழறியது, வயிறு போனது. குடித்திருக்கிறார் என்றார்கள் பக்கத்து வீட்டில். பழைய வியாதி திரும்புகிறது என்று நான் நினைத்தேன். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை கொடுத்தேன். முன்பென்றால் துப்பியிருப்பார். இந்த முறை என் கையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். இருபத்தாறாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லாரியிலேயே முடிந்துவிட்டது.

போன வாரம் எடில்சா வந்தாள். நேர்த்தியைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். உப்பைத் திடீரென்று நிறுத்தினால் அந்த மருந்து உடம்பை விட்டுப் போகாமல் தேங்கி விஷமாகிவிடுமாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டாமியானாக்கா" என்றாள்.

அந்தத் தாளில் அவரிடம் கேட்ட முதல் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

மகளே, நீ விழுங்குவதும் அதே மாத்திரை. நேர்த்தியில் மிச்சமிருந்த நாளை நானே முடித்துவிட்டேன். உப்பில்லாததும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. புனிதருக்கு நீ எதுவும் தரவேண்டியதில்லை. மருந்தை நீயாக நிறுத்தாதே. கை நடுங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

அப்பா கடைசியாகக் கொண்டுவந்த உப்பு ஒரு பிடி, துணியில் முடிந்து இதோடு வைத்திருக்கிறேன். எப்போதும் போடும் அளவுக்குப் பீன்ஸில் போட்டுக்கொள்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டி எழுது. ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது.

உன் அம்மா,
டாமியானா