மாத்திரை எதற்கு?

மோதி பாக், டெல்லி,
4.2.2024

அன்புள்ள சுபிக்ஷாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச வாய் வரவில்லை.

போன ஞாயிறு சாப்பிடும்போது, "எனக்குப் பொண்ணுங்களைத்தான்பா பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாய். உன் தலையணைக்கடியில் அம்மா ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தாள். மருந்துக்கடையில் கேட்டேன். மனசுக்குக் கொடுப்பது, நடுவில் நிறுத்தக்கூடாது என்றார்கள். அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ சொன்ன விஷயத்துக்குத்தான் இந்த மாத்திரையா? எத்தனை நாளில் குணமாகும்? அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

அப்பா,
சதாசிவம்

*

ஹாஸ்டல்,
9.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மாத்திரை கிடைத்தது. தமிழில் எழுதி நாளாயிற்று, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மாத்திரை கிடையாது, அப்பா. மூன்று மாதமாக வகுப்பில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஒரு பரீட்சையைப் பாதியில் விட்டு வந்தேன். பக்கத்து கிளினிக் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். "பேட்டா, கல்யாணம் ஆனா எல்லாம் டீக் ஆயிடும், சரியாப் போயிடும்மா" என்றார். அப்புறம் நான் யாரிடமும் போகவில்லை.

சீனியர் ஷ்வேதாதான் கரோல் பாக்கில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னைப் போன்றவர்களுக்காக அவளும் நண்பர்களும் காலேஜில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "தூங்குறியா?" என்றுதான். மாத்திரை பயத்துக்கு. நான் இப்படி இருப்பது வியாதி இல்லை என்றார்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சுபி

*

மோதி பாக்,
13.2.2024

அன்புள்ள சுபிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் மூன்று தடவை படித்தேன். வியாதி இல்லை என்கிறாய், மாத்திரை சாப்பிடுகிறாய். எனக்குப் பிடிபடவில்லை. அம்மா மலை மந்திர் முருகன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன், அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பயம் என்றால் யாரிடம்? காலேஜில் யாராவது மிரட்டுகிறார்களா? சொல், லீவு போட்டு வந்து பிரின்சிபாலைப் பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் அனந்தகிருஷ்ணன் தன் மகனுக்கு உன் ஜாதகம் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல?

அப்பா

*

ஹாஸ்டல்,
16.2.2024

அப்பா,

யாரும் மிரட்டவில்லை. பயம் உங்களிடம்தான்.

நீங்கள் என்னை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. இது தெரிந்தால் என்னோடு பேசுவதையே விட்டுவிடுவீர்களோ என்று நினைக்கும்போதுதான் மூச்சு முட்டும்.

வியாழக்கிழமைகளில் வீட்டாரும் கூட வந்து தன்னிடம் பேசலாம் என்று டாக்டர் சொன்னார். வந்தே ஆக வேண்டும் என்றில்லை.

சுபி

*

மோதி பாக்,
24.2.2024

அன்புள்ள சுபிம்மாவுக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. முதல் இரண்டு நாள் கோபம். என்னைப் பார்த்தா அவளுக்குப் பயம் என்று அம்மாவிடம் கத்தினேன். "இப்ப கத்துறீங்களே, இதைப் பார்த்துத்தான்" என்றாள்.

ஜாதகம் தருவதாக இல்லை என்று அனந்தகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். "அவ விருப்பம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வளர்த்ததில் தப்பா, நாளைக்கு உனக்கு யார் துணை, இதையெல்லாம் அந்த டாக்டரிடம் கேட்கலாமா? கேட்டால் உனக்கு வருத்தமாக இருக்குமா? அம்மா இப்போது வரமாட்டாளாம். வற்புறுத்தவில்லை.

29ஆம் தேதி வியாழன் லீவு சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு கரோல் பாக் மெட்ரோ வாசலில் நிற்பேன். வழியில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமல் வந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா