மீதி வைத்த பத்து மாத்திரை

சிதம்பரம் ஆஸ்பத்திரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் காயத்ரிக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை இலக்கியா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பாப்பாவுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு, இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை, கடலூரில் காட்டி அங்கிருந்து இங்கே அனுப்பிவிட்டார்கள், குளுக்கோஸ் ஏறுகிறது, கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. உன் மில் ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள் என்கிறார்கள், அதனால்தான் உன் மில்லுக்கே திரும்பும் நம் தெருத் தைலம்மாள் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை தந்த ஜிங்க் மாத்திரையைப் பதினாலு நாளும் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார், பிள்ளைமேல் சத்தியமாகக் கொடுத்தோம் என்றேன், அப்புறமும் ஏன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா, அம்மா வெந்நீர் வாங்கப் போயிருக்கிறாள், இனி நான் எழுதுவது. போன தடவை நம் ஊர் குடிகாட்டு நர்சு திலகவதி அக்கா பதினாலு மாத்திரை கொடுத்தார், நாலாம் நாளே போக்கு நின்றுவிட்டது, நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து, அடுத்த தடவைக்கு ஆகுமே என்று மீதி பத்தையும் டப்பாவில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் வந்து, "எல்லாத்தையும் குடுத்துட்டியா புள்ள? நின்னுட்டாலும் நிறுத்தக்கூடாது, முழுசா குடுத்தாதான் ரெண்டு மூணு மாசத்துக்குப் போக்கு அவ்வளவா வராது" என்றார். யாராவது முகம் பார்த்துக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும், தலையை ஆட்டிவிட்டேன். இன்று அம்மா சத்தியம் செய்தபோதும் பக்கத்தில் நின்று ஆட்டினேன். பாப்பாவுக்கு ஏதாவது ஆனால் நான் உயிரோடு இருந்து என்ன செய்வேன்.

இதுவரை எழுதிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த அந்த டப்பாவை டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் திட்டவில்லை, இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இன்றிலிருந்து பதினாலு நாள் விடாமல் கொடு என்று புது மாத்திரை அட்டை தந்தார். அம்மா வந்ததும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அப்புறம் அட்டையை என் மடியில் போட்டு, "நீயே குடு" என்றாள்.

இனி அம்மா சொல்வது. சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், லீவு தராவிட்டாலும் புறப்பட்டு வா. தங்கச்சியை ஒன்றும் கேட்காதே. இன்றைய மாத்திரையை அவளே ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள், பிள்ளை துப்பவில்லை. இன்னும் பதின்மூன்று நாள்.

உன் அம்மா
அமராவதி, கைநாட்டு