நாலாம் தொட்டியின் நனைந்த வயிறு

நவம்பர் 3

மழை விட்டதும் பறவை மருத்துவமனைக்கு வழக்கம்போல உதவப் போனேன். வாசலிலேயே குழாய் அண்ணன். கழுவிய பறவைகளைத் தண்ணீர் பீய்ச்சி அலசுகிறவர்; குழாயைக் கையிலிருந்து இறக்கி யாரும் பார்த்ததில்லை. "டீச்சரம்மா, புது அட்மிஷன் வந்திருக்கு!" என்றார். ஆயுள் முழுக்க ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்பதால் எனக்கு இந்தக் கிண்டல்.

வந்தது ஒரு முக்குளிப்பான், குளத்தில் முங்கி மீன் பிடிக்கும் சின்ன நீர்ப்பறவை. மழையில் நனைந்து மின்னிய தரையைக் குளம் என்று நம்பி ஒரு லாரிப் பட்டறைக்குள் இறங்கியிருக்கிறது. இதற்குக் கால்கள் உடம்பின் கடைக்கோடியில். நீந்துவதற்குத் துடுப்பு மாதிரி, நிற்க உதவாது. தரையிலிருந்து எழும்பிப் பறக்கவும் முடியாது. கழிவு எண்ணெயில் புரண்டு கிடந்ததாம்; எண்ணெய் ஒட்டிய இறகு தண்ணீரைத் தடுக்காது. புதுச்சட்டையோடு சேற்றில் விழுந்த பிள்ளை அழாமல் முறைக்குமே, அப்படி முறைத்தது.

டாக்டர் நுரை போட்டுக் கழுவினார், அண்ணன் அலசினார். இங்கே பறவைக்குப் பெயர் வைப்பதில்லை. இருக்கிற தொட்டிதான் பெயர். இது நாலாம் தொட்டி.

நவம்பர் 5

மீன் தின்றது. கூடவே என் விரலையும் கொஞ்சம்.

இடது முன்னங்கையில் சாய்த்துப் படுக்கவைத்து, வலக்கையால் குட்டி மீனாக ஊட்டுகிறேன். "உங்ககிட்ட மட்டும்தான் டீச்சர் துள்ளாம இருக்கு" என்றார் டாக்டர். பெருமையாக இருந்தது. இந்த வயதில் யாரிடம் சொல்லிக்கொள்வது? இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 7

காலையில் வீட்டுக்காரர் வழக்கம்போல என் கைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கரும்பலகையில் எழுதி எழுதி வந்த மணிக்கட்டு வலி. மணிக்கட்டுக்குத்தானே, எதற்கு முழங்கை வரை என்றால், "வண்டியில ஒரு டயருக்கு மட்டுமா காத்தடிப்பாங்க?" என்கிறார். பஸ் ஓட்டியவர் வேறு என்ன உதாரணம் சொல்வார்?

நாலாம் தொட்டியை இன்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். முதுகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. தூக்கிப் பார்த்தால் வயிற்றின் இடப்பக்கம் தொப்பலாக நனைந்திருக்கிறது. இறகு தண்ணீரைத் தள்ளவில்லை என்றால் குளிர் உள்ளே ஏறும், மெல்ல மூழ்கிவிடும்.

நவம்பர் 9

மறுபடி கழுவியும் அதே இடம் நனைகிறது.

"சோப்பு எங்கயோ தங்குது" என்றார் டாக்டர்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "என் அலசல் மேல சந்தேகமா? வேணும்னா என்னைய முக்கி எடுத்துப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பறவையின் நெஞ்சு இறகை விலக்கிக் காட்டினார். சிவந்திருந்தது. மிதக்கவென்றே அமைந்த உடம்பு. நனைகிறதே என்று தண்ணீரில் விடாமல் துணிமேலேயே கிடத்தினால் நெஞ்செலும்புமேல் புண்ணாகும். "புண்ணு எலும்பைத் தொட்டுட்டா நம்ம கையில எதுவுமில்ல டீச்சர்."

நவம்பர் 10

சளி. பறவைகளிடம் போகக்கூடாது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. "போன் பண்ணியாவது அதுகிட்ட பேசேன்" என்கிறார் அவர்.

நவம்பர் 12

நல்ல சேதி! நுழைந்ததும் அண்ணன் கத்தினார்: "நீங்க லீவு போட்ட அன்னிக்கு இன்னொரு தடவை கழுவினோம், ரெண்டு நாளும் காஞ்சு கிடந்துச்சு டீச்சரம்மா! என் அலசலைக் குறை சொன்னாங்களே!"

நாளைக்கும் காய்ந்திருந்தால் ஏரியில் விட்டுவிடலாம் என்றார் டாக்டர். ஆசையோடு கையில் ஏந்தி ஊட்டினேன். ஒன்பது மீன்.

நவம்பர் 13

நனைந்திருக்கிறது. அதே இடப்பக்கம். சிவப்பும் பரவிவிட்டது. அண்ணன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் இல்லாதபோது ஒழுங்காக இருக்கும் வகுப்பு, நான் வந்ததும் கலைகிறது என்றால் — கோளாறு வகுப்பிலா இருக்கும்?

கை கழுவும் தொட்டிக்குப் போனேன். தொடுவதற்குமுன் சோப்புப் போட்டுத்தானே கழுவுகிறேன்? மணிக்கட்டு வரை நன்றாகத் தேய்த்து. மணிக்கட்டு வரை... அதற்கு மேலே? இடது முன்னங்கையைக் குழாயடியில் நீட்டினேன். தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. பறவையின் வயிற்றில் உருள வேண்டிய முத்து என் தோலில் உருள்கிறது.

ஐயோ, நானா? தினமும் நானேதான் அதைத் தூக்கி எண்ணெயில் படுக்கவைத்தேனா?

நேராகப் போய் டாக்டரிடம் கையை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "கண்டுபிடிச்சீங்களே, அது போதும்" என்றவர், நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பின்னாலிருந்து அண்ணன் குரல்: "அப்போ நான் பாஸா டீச்சரம்மா?"

"முதல் ரேங்க்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "நான் தேய்ச்சதாலயா?" என்றார். நான் கழுவாததால் என்றேன். சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்க் கை கழுவினார்.

நவம்பர் 14

நாலாவது தடவை கழுவினார்கள். ஏற்கெனவே துவண்ட உடம்பு, தாங்குமா? நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு.

நவம்பர் 15

காய்ந்திருக்கிறது.

நவம்பர் 16

காய்ந்திருக்கிறது. இப்போது நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிறது. நெஞ்சுச் சிவப்பு வெளிறுகிறது. அண்ணன் ஊட்டுகிறார்; அவர் விரலையும் கடித்ததாம். கேட்க நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 20

விடிந்ததும் ஏரி. அவரும் வந்தார். வண்டியில் பறவைப் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம். மூடியைத் தொடக்கூட இல்லை.

கரையோரம் டாக்டர் பெட்டியைச் சாய்த்தார். தண்ணீரில் இறங்கியதும் ஒரே முக்கு. ஆளைக் காணோம். வளையங்கள் விரிந்து விரிந்து அடங்கிவிட்டன. பிறகு எட்டத்தில், கோரைப்புல் ஓரமாக, சின்னத் தலை எட்டிப் பார்த்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"ஐயையோ, கவுந்துடுச்சு!" என்று என் கையைப் பிடித்தார் அவர். "முழுகுதா? சொல்லேன்!"

நான் செருப்போடு தண்ணீருக்குள் ஒரு அடி வைத்துவிட்டேன்.

டாக்டர்தான் சிரித்தார். "முழுகல சார். வயித்தைக் கோதிக்குது. தண்ணியிலேயே சாஞ்சுதான் கோதும்."

பார்த்தேன். காலால் துழாவிக்கொண்டு, இடப்பக்க வயிற்றை வெயிலுக்குக் காட்டியபடி, ஒவ்வொரு இறகாக அலகால் நீவியது. அத்தனை தூரத்திலும் தெரிந்தது: பஞ்சு போல வெள்ளையாக, காய்ந்து.