தலைமாட்டில் பேசியது

வடிவுக்கு,

கிளியனூர்ல உங்கம்மா கையால கேப்பைக் கூழு குடிக்கிறியாம், எழுந்து நடக்கிறியாம். சந்தோஷம்.

என் மூஞ்சியைப் பார்க்காமலே நீ தாய் வீட்டுக்குப் போனது ஏன்னு நேத்துதான் புரிஞ்சுது. விழுப்புரத்துல டாக்டரைப் பார்த்தேன். "கட்டுவிரியன் கடிச்சா உடம்பு அசையாது, மூச்சு நின்னுடும். ஆனா காது கேட்டுக்கினே இருக்கும்"னாரு.

உன்னைப் பாம்பு கடிச்ச அன்னைக்கு, ஆஸ்பத்திரியில உன் தலைமாட்டுல நின்னு, உனக்கு மூச்சு போறதுக்காக ரப்பர் பையை அமுக்கிக்கினு இருந்தேன். எங்கம்மா என் பக்கத்துல வந்து, "இவ பொழைக்க மாட்டாடா, இவ தங்கச்சி அம்சாவை உனக்குக் கேட்கட்டுமா?"ன்னுச்சி.

நான் சரின்னேன்.

உன்னை வந்து கூப்பிட எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா வடிவு, சரின்னு சொன்னப்பவும் என் கை நிக்கல. பை அமுங்குன சத்தமும் உன் காதுல விழுந்திருக்குமே?

உன் வீட்டுக்காரன்