உப்புத் தண்ணீர் ஊற்றிய டிரம்

அத்தான்,

நேற்று மத்தியானம் மகன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வீட்டுப் பின்புறத்தில் வைத்து மீனும் கோழியும் சுட ஓர் அடுப்பு வாங்கப்போகிறானாம். பார்பிக்யூ கிரில் என்று பெயர். ஒன்று கேஸில் எரிவது. விலையைக் கேட்டால் நம் வயிறும் சேர்ந்து எரியும். இன்னொன்று தகரம், ஒரு மழைக்குத் தாங்காது. மூன்றாவது, டிரம்மைப் படுக்கவைத்து நெடுகப் பிளந்து கால் வைத்தது. "இதுதாம்மா நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்து வரும்" என்றான். நான் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். காரணத்தை உங்களிடம் சொன்னால்தான் விளங்கும்.

புதுத் துறைமுகம் வந்த புதிது. நாம் முத்தையாபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். நீங்கள் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க். சரக்கு இறக்க வந்திருந்த வெளிநாட்டுக் கப்பலின் இஞ்சினியர் ஒருவர், தங்கள் ஊரில் தோட்டத்தில் கரி போட்டுச் சுட்டுத் தின்பதை நினைத்து உங்களிடம் ஏங்கியிருக்கிறார். நீங்கள் சும்மா இருப்பீர்களா? சனிக்கிழமை நம் வீட்டில் அந்த விருந்து என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வீட்டில் இருந்ததோ ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒரு விறகடுப்பும்.

"கடற்கரையில நாலு சுள்ளியைப் போட்டு மீன் சுடுதாங்களே, அது போதாதா?" என்றேன்.

"ஏளா, துரை மண்ணுல குத்தவச்சா திம்பாரு?" என்றீர்கள்.

செங்கல் வைத்துக் கட்டலாம் என்றால், வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே சம்மதிக்காதவர். பட்டறையில் புதிதாகச் செய்யக் கேட்டால் கைக்கு எட்டாத விலை. கடைசியில் காயலான் கடையில் உங்கள் கண்ணில் பட்டது ஒரு காலி டிரம். அதைத் தெருவெல்லாம் கேட்கும்படி உருட்டிக்கொண்டு வந்தீர்கள், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை தலையைச் சுற்றவைத்தது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். இடி, பாம்பு, தோணி, உங்கள் சைக்கிள் ஓட்டம் எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் டிரம்மைப் பற்றிய பயம் கண்ணால் கண்டதில் வந்தது. எங்கள் ஊர் நாசரேத்தில் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பட்டறை இருந்தது. ஒருநாள் அங்கே இப்படியொரு காலி டிரம்மை வெட்டக் கேஸ் நெருப்பை வைத்தார்கள். உள்ளே தங்கியிருந்த ஆவி பற்றி வெடித்தது. நான் போனபோது ஆள் இல்லை, ஒற்றைச் செருப்பு ஓட்டுக்கூரை மேல் கிடந்தது. அதை உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள்.

மறுநாள் காலை நீங்களும் டிரம்மும் வெல்டிங் பட்டறைக்குப் புறப்பட, நானும் பின்னாலேயே வந்தேன். வெல்டிங் அண்ணாச்சிக்கு விஷயம் தெரியாமல் இல்லை.

"தண்ணியை நிரப்பிட்டுத்தான் வெட்டணும் தங்கச்சி. அப்பம் உள்ள உள்ளதெல்லாம் வெளிய போயிரும். ஆனா இந்தப் பஞ்சத்துல டிரம்முக்கு எவன் தண்ணி ஊத்துவான்? இங்கன எல்லாரும் வெயில்ல காயப்போட்டுத்தான் வெட்டுதோம். ஒண்ணும் ஆவல."

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த காலம். குடத்துக்குக் குடம் சண்டை. அவர் சொன்னதும் நியாயம்தான். நீங்கள் டிரம்மை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். அவர் கேஸைத் திறக்கப் போனார். எனக்கு என்ன வந்ததோ, போய் அந்த டிரம் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி ஏளா. நாலு பேர் பாக்கான்" என்று பல்லைக் கடித்தீர்கள்.

தொடை நடுங்க, டிரம்மும் சேர்ந்து தடதடவென்று ஆடியது. டீக்கடையில் சிரித்தார்கள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் உங்களைத் திரும்பப் பார்க்கமாட்டேன் என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது.

"குடிக்கிற தண்ணிக்குத்தானே பஞ்சம்? உப்புத் தண்ணிக்கு என்ன பஞ்சம்? பின்னாலதான் உப்பளத்து வாய்க்கால் ஓடுது" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார். பக்கத்திலேயே கடலை வைத்துக்கொண்டு அந்த யோசனை அதுவரை யாருக்கும் வரவில்லை. அவர் தலையை ஆட்டிய பிறகுதான் நான் இறங்கினேன். நீங்கள் ஆபீஸ் சட்டையோடு இரண்டு தகர டின்னில் சுமந்து சுமந்து ஊற்றினீர்கள். டிரம் நிறைந்துகொண்டே வர, அலுத்துப்போன அண்ணாச்சி இரண்டடி தள்ளி நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். குச்சியை உதறக்கூட இல்லை. தண்ணீர் வெளியே தள்ளிய ஆவி பற்றி, 'பக்' என்று ஒரு நீலத் தீ டிரம் வாயில் எழும்பி, அவர் புருவத்தைக் கருக்கிவிட்டு அணைந்தது. டிரம் ஒருமுறை உறுமியது. நிறையத் தண்ணீர் இருந்ததால் அவ்வளவோடு போயிற்று.

டீக்கடையில் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி கேஸே வேண்டாம் என்று ஓரங்கட்டிவிட்டார். இன்னும் இரண்டு தடவை நிரப்பிக் கொட்டச் சொல்லி, உளியும் சுத்தியலும் வைத்து அதைப் பிளந்தார். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். கையிலிருந்த காலி டின்னைக் கீழே வைக்க மறந்திருந்தீர்கள்.

துரை வரவில்லை. வெள்ளிக்கிழமையே கப்பல் கிளம்பிவிட்டது. பெயிண்ட் எல்லாம் உரியும்வரை விறகைப் போட்டு எரித்துவிட்டு, விளமீனுக்கு மிளகும் உப்பும் தடவிச் சுட்டு, பக்கத்து வீட்டாரோடு மண்ணில் குத்தவைத்துத் தின்றோம். நீங்கள் எனக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இனிமே உனக்குப் பயம் வந்தா ஒளிக்காம எங்கிட்ட சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மழையில் சைக்கிளை எடுக்காதீர்கள் என்றால் பஸ்ஸில் போனீர்கள். கப்பல் ஏணி வழுக்கும் என்றால் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டுக்கொண்டு போனீர்கள். நீங்கள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை. வெயில் நன்றாக அடித்தது. வழக்கம்போல் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்தேன். "வாரேன்" என்றீர்கள். நான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஆள் வந்து சொன்னபோது, அந்தப் பால் இன்னும் ஆறியிருக்கவில்லை.

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பயம் வந்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது. மனசு லேசாக, ஒரு கவலையும் இல்லாமல் விடிகிற காலைதான் என்னை நடுங்கவைக்கிறது. அன்றைக்கு அப்படித்தான் விடிந்தது. பயம் வந்தால் சொல்லச் சொன்னீர்கள், சொல்லியிருப்பேன். வரவில்லையே அத்தான்.